கொலு ரயிலுக்குக் குரல் வந்தது

நசரத்பேட்டையில் ரயில் கிடையாது. பெங்களூர் நெடுஞ்சாலை உண்டு, நள்ளிரவிலும் ஓயாத லாரி ஹார்ன் உண்டு. கிழக்கே பூந்தமல்லி, மேற்கே திருமழிசை. தண்டவாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்குத்தான் போக வேண்டும். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ரயில் முதலில் அறிமுகமானது வீட்டுக்குள், நவராத்திரிக் கொலுவை ஒட்டிக் கட்டும் பார்க்கில்.

மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் மூன்றாம் நாள் பச்சை பிடித்துவிடும். நடுவே கண்ணாடித் துண்டு குளமாகும். அதைச் சுற்றி ரயில் ஓடும். முதலில் சாவி கொடுத்து விடும் தகர ரயில். பிறகு பேட்டரி போட்ட பிளாஸ்டிக் ரயில். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கவோ, துபாயிலிருந்து மாமா கொண்டுவரவோ வாய்ப்பிருந்த வீடுகளில் டிரான்ஸ்பார்மரோடு கூடிய எலெக்ட்ரிக் செட். பார்க்க வந்தவர்கள் பொம்மைகளைப் பார்ப்பதற்கு முன்பே ரயிலைத்தான் பார்ப்பார்கள்.

அந்த ரயில்களுக்குக் குரல் இருந்ததில்லை. சத்தம் இருந்தது, ஆனால் அது பல்சக்கரம் தேயும் கரகரப்பு. அந்தச் சத்தம் இன்ஜினுடையது அல்ல, பொம்மையினுடையது. ‘கூ’ என்பதும் ‘ஜிகு ஜிகு’ என்பதும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பையனின் வாயிலிருந்து வந்தன. சில வீடுகளில் டேப் ரெக்கார்டரில் பதிந்துவைத்த ரயில் சத்தத்தைக் கொலுப்படிக்குப் பின்னால் ஓடவிடுவார்கள். ரயில் நின்ற பிறகும் கேசட் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் ரசித்தோம். இன்று அதே பார்க்கில் ஓடுகிற உள்ளங்கை நீள இன்ஜின், நிற்கும்போது உறுமுகிறது, கிளம்பும்போது திணறுகிறது, பிரேக் போட்டால் கிறீச்சிடுகிறது, காற்றை ‘புஸ்’ஸென்று விடுகிறது. இவற்றை மாற்றி அமைக்கவும் முடிகிறது. பொம்மை ரயில் உலகில் நடந்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். வண்ணமும் வடிவமும் எப்போதும் ஓரளவு சரியாகவே இருந்தன. இல்லாமலிருந்தது குரல்தான்.

வெளிநாடுகளில் குரலுக்கான முயற்சி வெகு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935-லேயே இன்ஜினின் பின்வண்டிக்குள் ஒரு குட்டி மோட்டாரையும் விசிறியையும் வைத்து, காற்றை ஊதி விசில் அடிக்க வைத்தது. பித்தளை மாடல்கள் விற்ற பசிபிக் ஃபாஸ்ட் மெயில், சத்தத்தை வெளியே ஒரு பெட்டியில் உண்டாக்கித் தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்குள் இருந்த ஸ்பீக்கருக்கு அனுப்பியது. ஆனால் அன்றைய மின் அமைப்பிலேயே ஒரு தடை இருந்தது. பெரும்பாலான மாடல்களில் தண்டவாளத்தில் பாய்ந்தது 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம். வோல்டேஜைக் கூட்டினால் வேகம், குறைத்தால் நிதானம், பூஜ்யமாக்கினால் நிறுத்தம். இன்ஜின் நின்றது என்றால் அதற்கு மின்சாரமே இல்லை. அப்படியிருக்க, நிற்கும்போது எதை வைத்துச் சத்தம் போடும்?

ரயிலின் அழகான சத்தங்களில் பாதி, அது நிற்கும்போது வருபவை. அரக்கோணத்தில் சிக்னலுக்குக் காத்திருக்கும் டீசல் இன்ஜின் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருப்பது, திடீரென கம்ப்ரசர் ஓடத் தொடங்குவது, கிளம்பும் முன் பிரேக் விடுபடும் காற்று. பழைய அமைப்பில் இவற்றுக்கு இடமில்லை.

அந்தத் தடையை உடைத்தது டி.சி.சி. என்று பொழுதுபோக்காளர்கள் சொல்லும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1994-ல் அதை ஒரு பொதுத் தரமாக ஏற்றது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஏறக்குறைய 15 வோல்ட். அந்த மின்சாரமே திசை மாறி மாறித் துடித்துச் செய்தியையும் சுமந்து போகும். ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோ நொடி நீண்டால் அது ‘1’, 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீண்டால் ‘0’. இன்ஜினுக்குள் உள்ள டீகோடர் என்ற சிப் அதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் செய்யும். புது டீகோடர் எதுவானாலும் அதன் எண் 3 என்றுதான் வரும், பிறகு நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். நின்றாலும் மின்சாரம் உண்டு என்பதால், நின்றாலும் குரல் உண்டு.

1990-களின் நடுவில் கொலராடோவின் டுராங்கோ ஊரிலிருந்து சவுண்ட்ட்ராக்ஸ், இன்ஜினுக்குள்ளேயே ஒலி தரும் டீகோடர்களைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் உல்ம் நகரில் 1998-ல் தொடங்கிய ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் லோக்சவுண்ட் டீகோடர், நிஜ இன்ஜினின் ஒலிப்பதிவையே சிப்பில் ஏற்றி, அதை அழித்து வேறு பதிவை ஏற்றவும் வழி செய்தது. அதன் இன்றைய ஐந்தாம் தலைமுறையில் 128 மெகாபிட் நினைவகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் 10 ஒலிகளைக் கலந்து தரும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத பலகைதான் அது.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. சிப் வந்தது, அதோடு சத்தமும் வந்தது. ஆனால் அது நம் ஊர்ச் சத்தம் இல்லை.

இந்திய இன்ஜின்களின் மாடல்களைப் பெரும்பாலும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது. முப்பரிமாண அச்சில் உடலை எடுத்து, வெளிநாட்டு மாடலின் அடிச்சட்டத்தில் பொருத்தி, பச்சையோ நீலமோ பூசுவார்கள். 87-ல் ஒரு பங்கு என்ற எச்.ஓ. அளவில் நம் அகலப்பாதை 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அந்தக் குறையைக் கண் பொறுத்துக்கொள்கிறது, காது பொறுப்பதில்லை. ஆவடி பெயர் எழுதிய ஸ்டேஷனுக்குள் அமெரிக்க டீசலின் ஐந்து ஸ்வர ஹார்ன் ஊதிக்கொண்டு வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். அமெரிக்க வழக்கப்படி முதல் பட்டனான எஃப்1-ஐ அழுத்தினால் இன்ஜின் மணி அடிக்கும். நம் இன்ஜின்களில் மணி ஏது? ஆகவே இந்தியச் சத்தம் அமைப்பவர் செய்யும் முதல் வேலை, எதையும் சேர்ப்பதல்ல. அந்த மணியை எடுத்துப் போடுவது.

டீசலில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. நாற்பது, ஐம்பது வருடம் நம் தண்டவாளங்களை ஆண்ட டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின், நியூயார்க் மாநிலத்தின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1962-ல் அங்கிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் செய்யப்பட்டது. ஆல்கோ 1969-ல் மூடப்பட்டது. மூடிய கம்பெனியின் இன்ஜினை நாம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டே இருந்தோம். அமெரிக்காவில் ஓடிய ஆல்கோ சி-628-ன் உள்ளே இருப்பதும் அதே 16 சிலிண்டர் 251 குடும்பத்து டீசல்தான். அதன் ஒலிக்கோப்புகள் தயாராகவே கிடைக்கின்றன. அடித்துடிப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஹார்ன், பிரேக், கம்ப்ரசர் ஆகிய மூன்றையும் இங்கே பதிந்து சேர்க்க வேண்டும்.

அந்தத் துடிப்பைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஆல்கோ நான்கு வீச்சு டீசல். 16 சிலிண்டரில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் வெடிக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 53 வெடிப்பு. முழு வேகமான 1000 சுற்றில் 133. இதற்குப் பிறகு வந்த ஜி.எம். இன்ஜின்கள், அதாவது டபிள்யூ.டி.பி.-4, டபிள்யூ.டி.ஜி.-4 வகையறா, இரண்டு வீச்சு. அவற்றில் ஒவ்வொரு சுற்றிலும் 16 சிலிண்டரும் வெடிக்கும். 904 சுற்றில் நொடிக்கு 241. ஆல்கோ நெஞ்சில் குத்துவதும் ஜி.எம். ஒரே இழையாக முழங்குவதும் இதனால்தான். கண்ணை மூடிக்கொண்டே எந்த இன்ஜின் என்று சொல்லும் ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆல்கோவின் குணம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, தாமதத்திலும் இருக்கிறது. ஓட்டுநரின் கைப்பிடிக்கு எட்டு நாட்ச், அதாவது எட்டுப் படிகள் உண்டு. நாட்ச் ஏற்றியவுடன் சத்தம் ஏறாது. டீசல் முதலில் அடைத்துக்கொண்டதுபோல் கனக்கும், கரும்புகை கிளம்பும், டர்போ ஊளையிட்டுக்கொண்டே எழும்பும், அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். மாடலில் இதைக் கொண்டுவர, எட்டு நாட்ச்சுக்கும் தனித்தனியாக எட்டு ஒலி வளையங்கள் வேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறும் ஒலி வேண்டும், இறங்கும் ஒலி வேண்டும். ஸ்டார்ட் செய்யும் ஒலியும் அணைக்கும் ஒலியும் தனி. ஒவ்வொரு வளையத்தின் முடிவும் தொடக்கமும், பூ தொடுத்தவள் போட்ட முடிச்சு வெளியே தெரியாததுபோல், சேர்ந்த இடம் காதுக்குத் தெரியாமல் சேர வேண்டும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டி ஒட்டினால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒரு தெறிப்பு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இந்த வெட்டலும் ஒட்டலும் நடக்கின்றன. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

ஒலி சரியாக வந்த பிறகும் இன்ஜின் உடனே ஓடிவிட்டால் பொம்மைதான். டீகோடருக்குள் சி.வி. என்று எண்ணிட்ட சிறு நினைவு அறைகள் உண்டு. மூன்றாவது அறையில் வேகமெடுக்கும் நேரம், நான்காவதில் நிற்கும் நேரம். மூன்றில் எண்ணைக் கூட்டி வைத்தால், ரெகுலேட்டரைத் திருப்பியதும் முதலில் டீசல் முழங்கும், வண்டி யோசித்து நகரும். எனக்கு இந்த இரண்டு எண்களின் மீதும் தனி மரியாதை உண்டு. கனம் என்ற உணர்வை ஒலி பாதிதான் தருகிறது, மீதியைத் தாமதம் தருகிறது. ஆல்கோ ஓட்டியவர்கள் மாடலைப் பார்த்தால் முதலில் தலையசைப்பது இந்தத் தாமதத்துக்குத்தான்.

நீராவி வேறு விதம். அங்கே சத்தம் சக்கரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு ‘சப்’. நம் டபிள்யூ.பி. இன்ஜினின், அந்தக் குண்டு மூக்கில் நட்சத்திரம் வைத்த மெயில் இன்ஜினின், பெரிய சக்கரம் 67 அங்குல விட்டம். சுற்றளவு 5.35 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு நான்கு சப். 60 கிலோமீட்டரில் பன்னிரண்டுக்கு மேல், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரைச்சலாகிவிடும். மாடலில் அந்தச் சக்கரம் 20 மில்லிமீட்டர்கூட இருக்காது. தண்டவாளத்தில் 15 மில்லிமீட்டருக்கு ஒரு சப் வந்தாக வேண்டும். லோக்சவுண்டில் 57, 58 என்ற இரண்டு அறைகளில் எண்ணை மாற்றி மாற்றி இதைப் பொருத்துவார்கள். கைபேசியில் மெதுவான வீடியோ எடுத்துச் சக்கரத்தையும் சத்தத்தையும் ஒப்பிடுவது எளிய வழி. சக்கரம் சொல்வதும் சத்தம் சொல்வதும் வேறாக இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ பொய் என்று மட்டும் தெரியும்.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜினுக்கு இந்தக் கணக்கும் போதாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணச் சக்கரங்களே இழுக்கும். கல்லாறில் பல்தண்டவாளம் தொடங்கியதும், உயர் அழுத்த சிலிண்டரில் வேலை முடித்த நீராவி இன்னொரு ஜோடி சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். 12-க்கு 1 என்ற ஏற்றம் அது. தாளமே மாறிவிடும். மாடலில் இதற்கு இரண்டு தனிச் சத்தத் தொகுப்புகள் செய்து, ஒரு பட்டனில் மாற்றுவதுதான் வழி.

மின் இன்ஜினுக்குச் சத்தமே கிடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. அம்பத்தூர் பிளாட்பாரத்தில் ஒரு டபிள்யூ.ஏ.பி.-4 கடந்துபோகும்போது நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார். மோட்டார்களையும் மற்ற கருவிகளையும் குளிர்விக்கும் பெரிய விசிறிகளின் இரைச்சல், ரயில் நின்றாலும் நிற்காது. டபிள்யூ.ஏ.பி.-7 மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடுவது. அதன் பழைய இன்ஜின்களில் ஜி.டி.ஓ. என்ற வகை மின் சாவிகள் இருந்தன. கிளம்பும்போது படிப்படியாக ஸ்வரம் ஏறுவதுபோல் ஒரு பாட்டு எழும். பின்னர் செய்தவற்றில் ஐ.ஜி.பி.டி. வந்தது, அந்தப் பாட்டு மாறிவிட்டது. ஒரே பெயர், ஒரே முகம், இரண்டு குரல். எந்த எண்ணுள்ள இன்ஜினைச் செய்கிறோம் என்று தெரியாமல் இதற்குச் சத்தம் ஏற்ற முடியாது. சென்னை – அரக்கோணம் தடத்தின் புறநகர்ப் பகுதி 1979-ல் மின்மயமானது. அந்தத் தடத்துப் பழைய மின்தொடர் ரயிலின் அடையாளம் ஓடும் சத்தமே அல்ல. ஸ்டேஷனில் நிற்கும்போது பெட்டிக்கு அடியில் திடுமெனத் தொடங்கி, காலுக்கடியில் தடதடத்து, திடுமென நின்றுபோகும் கம்ப்ரசர்தான். ஆவடி ரயில் மாடல் ஒன்று செய்தால், எனக்கு அது முதலில் வேண்டும்.

பதிவு செய்வது வரவர எளிதாகியிருக்கிறது. உள்ளங்கை அளவு ரெக்கார்டர், மைக்குக்குக் காற்றுத் தடுப்புக்காக ஒரு ரோம உறை. இரவில் பதிந்தால் ஆட்டோவும் அறிவிப்பும் குறைவு. ரயில்வே இடத்தில் கருவியோடு நிற்க அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி இல்லாத இடத்தில் பதிந்த சத்தத்தை ரசிக்க மனம் ஒப்பாது. ஆனால் பிளாட்பாரத்தில் கிடைக்காதவை உண்டு. டீசல் இன்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்யும் ஒலி ஷெட்டுக்குள்தான் கேட்கும். தமிழ்நாட்டில் ஆல்கோவுக்குப் பேர்போன ஷெட் பொன்மலை. ஆல்கோ செய்த வாரணாசித் தொழிற்சாலையோ இப்போது மின் இன்ஜின்களைச் செய்கிறது. அகலப்பாதைகள் கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமாகிவிட்ட நிலையில், அந்த ஸ்டார்ட் ஒலியைக் கேட்க இன்னும் எத்தனை காலம் வாய்ப்பிருக்கும்?

ஹார்னுக்கும் ஒரு இலக்கணம் உண்டு. ரயில்வே விதிகளில் நீளமும் குட்டையுமாக ஊதுவதற்குப் பொருள் இருக்கிறது. கேட்டை நெருங்கும்போது நீளமாக ஊத வேண்டும், அதற்குத் தண்டவாள ஓரத்தில் பலகையும் வைத்திருப்பார்கள். மாடலில் ஹார்னை மூன்று துண்டாக வெட்டிவைப்பார்கள். தொடக்கம், நீட்டிக்கும் வளையம், முடிவு. அழுத்திப் பிடித்தால் நீளும், தட்டினால் குட்டையாகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் சும்மா அழுத்தமாட்டார்கள், பொம்மை கேட் வரும் இடம் பார்த்து ஊதுவார்கள். நிஜத்திலோ கேட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பட்டாபிராமில் கேட்டுக்குப் பதில் மேம்பாலம் வந்துவிட்டது. நல்லதுதான், உயிர்கள் பிழைக்கின்றன. அங்கே கேட்டுக்காக ஊதிய ஹார்ன் இனி பதிவுகளில் மட்டும்.

சத்தம் தயாரான பிறகு அது வெளியே வர வேண்டும். ஒருகாலத்தில் ரிச்சி தெருவில் ஒரு அங்குல ஸ்பீக்கர் கிடைத்தாலே அதிர்ஷ்டம், அதை வைக்க இன்ஜினுக்குள் இடம் கிடைப்பது இரண்டாவது அதிர்ஷ்டம். கைபேசி வந்த பிறகு நிலைமை மாறியது. கைபேசிக்காகச் செய்யப்பட்ட, சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கர்கள் இப்போது மாடல் இன்ஜின்களில் குடியேறியிருக்கின்றன. 11-க்கு 15 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஆனால் அதைத் திறந்தபடி ஒட்டினால் கொசு ரீங்காரம்போல் கேட்கும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்கத்தைக் காற்றுப் புகாத ஒரு சிறு பெட்டியில் அடைத்துவிட்டால் சத்தம் சட்டென்று திரளும். சில ரூபாய் பிளாஸ்டிக் தகடும் பசையும் செய்யும் இந்த வேலையை, விலையுயர்ந்த எந்த டீகோடரும் செய்யாது.

அந்த ஸ்பீக்கரால் நொடிக்கு 53 என்ற அதிர்வெண்ணை எழுப்பவே முடியாது, அதன் எல்லை வெகு மேலே தொடங்குகிறது. இருந்தும் ஆல்கோவின் அடித்துடிப்பு நமக்குக் கேட்கிறது. ஒரு தாழ்ந்த ஒலியின் மேல்மடங்குகள் சரியான இடைவெளியில் வந்தால், அடியில் இல்லாத ஒலியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே பதிவில் கனத்த அடிச்சத்தத்தைக் குறைத்து, அதன் மேல்மடங்குகளைத் தெளிவாக்குவது நல்ல பலன் தருகிறது. ஸ்பீக்கரும் கிழியாது.

ஒலியளவு விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கடையில் கேட்டு வாங்கும் நிலையில் டீகோடர்கள் மிகச் சத்தமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. எச்.ஓ. அளவில், அரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர் நிஜத்தில் நாற்பது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறார். அந்தத் தூரத்தில் டீசல் கேட்கும், ஹார்ன் நன்றாகவே கேட்கும், கேபின் கதவு சாத்தும் ஓசை கேட்காது. எல்லாவற்றையும் ஒரே ஒலியளவில் வைத்தால் ரயில் சுருங்கிப் பொம்மையாகிவிடும். ஈ.எஸ்.யூ. டீகோடரில் 63-வது அறை மொத்த ஒலியளவு. அதைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, ஹார்னை மட்டும் தனியே ஏற்றிவையுங்கள். பத்து நிமிடம் ஓடினாலும் வீட்டில் யாரும் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். கொலுவுக்கு வந்த மாமி பாடத் தொடங்கும்போது மட்டும் முழுவதும் அணைத்துவிட வேண்டும், அதற்கும் ஒரு பட்டன் உண்டு.

செலவுதான் இன்றும் பெரிய சுவர். வெளிநாட்டு ஒலி டீகோடர் ஒன்று, சுங்க வரியும் சேர்ந்தால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதைக் கணினியோடு இணைக்கும் கருவி தனி. ஆனால் நசரத்பேட்டை போன்ற இடத்துக்கு ஒரு பலம் உண்டு. பனிமலர் தொடங்கி இந்த நெடுஞ்சாலை ஓரம் நெடுக பொறியியல் கல்லூரிகள். ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையைக் கையில் எடுக்காத மாணவர் குறைவு. ஆர்டுயினோவை வைத்தே டி.சி.சி. கட்டுப்பாட்டு நிலையம் அமைக்கும் டி.சி.சி.-ஈ.எக்ஸ். என்ற திறந்த மென்பொருள் இலவசம். ஒலிக்கு, நூறு இருநூறு ரூபாயில் கிடைக்கும் டி.எஃப்.பிளேயர் என்ற எம்.பி.3 சில்லு இருக்கிறது. அதன் குறை ஒன்றே, அது ஒரு நேரத்தில் ஒரு ஒலியைத்தான் போடும். ஹார்ன் அழுத்தினால் டீசல் ஊமையாகும். இரண்டு சில்லை இணைத்துச் சமாளிக்கலாம். தரம் உயர்ந்ததல்ல. ஆனால் டீசல் எப்படிப் பேசுகிறது என்று யோசிக்கத் தூண்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

நிஜ இன்ஜின்களைப் பாதுகாக்கும் இடங்கள் நமக்கு உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் மரநிழலில் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போக அருமையான இடம். ஆனால் அங்கே உடல் இருக்கிறது, குரல் இல்லை. புனேயில் 1998-ல் திறந்த ஜோஷியின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம், ஒளியும் ஒலியும் சேர்த்து மாடல் ரயில்களை ஓட்டிக் காட்டுகிறது. சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. நம் தடத்து ஒலிகளோடு, சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரை.

பூந்தமல்லிக்கு இப்போது புதிய ரயிலே வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மெட்ரோவின் சோதனை ஓட்டம் இங்கே தொடங்கியது. ஓட்டுநர் இல்லாமல் இயங்கும்படி ஸ்ரீசிட்டியில் செய்த வண்டிகள். கதவு மூடும் எச்சரிக்கை ஒலி, கிளம்பும்போது எழும் மெல்லிய மின்னோசை, அவ்வளவே அதன் குரல். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் ரயில் என்றால் இனி அதுதான் ஒலிக்கும். அதையும் இன்றே பதிந்துவைக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது யாருக்கும் பதியத் தோன்றாது, மாறிய பிறகுதான் தேடுவோம். 1931 முதல் 2004 வரை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயிலுக்கு அப்படித்தான் நேர்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் தினமும் கேட்ட ஒலி அது. 1960-களில் ஜப்பானிலிருந்து வந்து அதே தடத்தில் ஓடிய யாம்-1 இன்ஜின்களின் ஒலியும் அப்படியே. அவற்றின் மாடலைச் செய்ய வடிவம் கிடைக்கிறது, வண்ணம் கிடைக்கிறது, படம் கிடைக்கிறது. காதுக்குத்தான் எதுவும் எளிதில் அகப்படுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ ரயில் பயணத்தில், ஸ்டேஷனில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில், எதற்காகவோ டேப் ரெக்கார்டரை ஓடவிட்டவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கக்கூடும். கல்யாண கேசட்டின் நடுவில்கூட ஒரு ரயில் கடந்து போயிருக்கலாம். அந்த கேசட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா ஒட்டிக் கிழியும், தெரிந்தவரிடம் கொடுத்து முதலில் சுத்தம் செய்யுங்கள். பிளேயரின் தலையைத் துடைத்துவிட்டு, கணினியில் பதியும்போது எம்.பி.3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே, ஒரே ஓட்டத்தில், இரைச்சலை நீக்காமல் பதியுங்கள். இரைச்சலை எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் ஊரும் தோராயமான வருடமும் இருக்கட்டும். பின்னணியில் யாராவது பேசினாலும் வெட்ட வேண்டாம். ஒரு ஹார்னுக்கு மூன்று நொடியும், ஒரு கம்ப்ரசருக்கு இருபது நொடியும் சுத்தமாகக் கிடைத்தால் போதும், சிப்பில் ஏற்றிவிடலாம்.